கீப்பரும் ஃபார்வர்டும் மோதும்போது: பள்ளி ஆட்ட நடுவர்களுக்கு

பள்ளிகளின் குறுவட்டக் கால்பந்துப் போட்டி நடக்கும் எந்த மைதானத்துக்குப் போனாலும் சரி, பாக்ஸுக்குள், அதாவது கோல் முன்னால் கோடு போட்ட பெனால்டிப் பகுதிக்குள், ஒரு மோதல் வந்ததும் கோட்டுக்கு வெளியே இரண்டு குரல் எழும். ஒரு பக்கம், "கீப்பரைத் தொட்டாலே ஃபவுல்தானுங் சார்!" மறுபக்கம், "பந்து கையிலயே இல்லைங், எதுக்கு விசில்?" இரண்டுமே விதிப்புத்தகத்தில் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நின்று ஒரு நொடியில் முடிவு சொல்ல வேண்டியவர் நடுவர். அந்த முடிவு தப்பினால் கெடுவது ஸ்கோர் மட்டும் அல்ல. தரையில் குனிந்து கிடக்கும் கீப்பரின் தலைக்கும் ஓடி வருகிறவனின் பூட்ஸுக்கும் இடையே அரை அடிகூட இருக்காது.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களை நடத்தும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் புதிதாக விசில் எடுத்திருக்கும் இளைஞர்களுக்கும் இதை எழுதுகிறோம். மோதலில் யார் கீழே விழுந்தார் என்று பார்த்து முடிவு சொல்லாதீர்கள். மோதலுக்கு முந்தைய நொடியில் கீப்பரின் கை எங்கே இருந்தது, எதிரே வந்தவரால் நிற்கவோ விலகவோ முடிந்ததா, அதற்கு முயன்றாரா என்பதைப் பார்த்துச் சொல்லுங்கள். கீழே வருவது எல்லாம் அந்த ஒரு நொடியை எப்படிக் கண்ணில் பிடிப்பது என்பதைப் பற்றியதுதான்.

விதி எங்கே நிற்கிறது

கீப்பர் பந்தைக் கையால் தன் வசம் வைத்திருக்கும்போது எதிரணியினர் அவரிடம் பந்துக்குப் போட்டியிடவே கூடாது. கால்பந்து விதிப்புத்தகத்தின் 12-ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. 'வசம்' என்றால் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது மட்டும் அல்ல. பந்து இரண்டு கைக்கு நடுவில் இருந்தாலும், ஒரு கைக்கும் தரைக்கும் நடுவில் இருந்தாலும், கைக்கும் அவர் உடம்புக்கும் நடுவில் இருந்தாலும் அது அவர் வசம். விரித்த உள்ளங்கையில் ஏந்தி நின்றாலும், தரையில் தட்டிக்கொண்டு நடந்தாலும், உதைப்பதற்காக மேலே தூக்கிப் போட்டாலும் அப்படியே. கையாலோ முன்கையாலோ வேண்டுமென்றே தொட்டு நிறுத்தினாலும் போதும்.

விலக்கு ஒன்று உண்டு. பந்து கீப்பர் மேல் பட்டுத் தெறித்தாலும், பாய்ந்து தடுத்த பந்து கையில் பட்டு உருண்டு போனாலும் அது அவர் வசம் வந்ததாக ஆகாது. அந்தப் பந்துக்கு ஃபார்வர்டு தாராளமாக வரலாம். அதற்கு விசில் ஊதுவது ஃபார்வர்டுக்குச் செய்யும் அநியாயம்.

சின்ன பாக்ஸுக்குள், அதாவது கோலில் இருந்து 5.5 மீட்டருக்குள், கீப்பருக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு என்ற நம்பிக்கை இன்னும் நம் மைதானங்களில் வலுவாக இருக்கிறது. இப்போதைய விதியில் அப்படி எதுவும் இல்லை. கையில் பந்து இல்லாத கீப்பர் மற்றவரைப் போல ஓர் ஆட்டக்காரர். அவர் மேல் நடந்தால் எது ஃபவுலோ, அதையே அவர் செய்தாலும் ஃபவுல். பெரிய பாக்ஸுக்கு வெளியே வந்துவிட்டால் கையைப் பயன்படுத்தும் உரிமையும் போய்விடும். அங்கே பார்க்க வேண்டியது அவர் கால் எங்கே என்பதை அல்ல, பந்து எங்கே என்பதை. கோடும் பாக்ஸின் பகுதிதான். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டிய பிறகு கை பட்டால்தான் குற்றம்.

ஆட்டம் தொடங்கும் முன்

மைதானத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். முதலில் கோல்போஸ்ட். தூக்கி வைக்கும் இரும்புப் போஸ்ட் என்றால் பின்சட்டத்தைத் தரையோடு கட்டியிருக்க வேண்டும், அல்லது போதிய மணல் மூட்டை ஏற்றியிருக்க வேண்டும். கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் சரிசெய்யும் வரை ஆட்டம் வேண்டாம். வலை மாட்டும் கொக்கி முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் துணி சுற்றச் சொல்லுங்கள்.

அடுத்து கோல் வாசல் தரை. நம் பள்ளி மைதானங்கள் பெரும்பாலும் செம்மண், அதிலும் கோல் முன்னால் சரளை மேலே வந்திருக்கும். அந்தத் தரையில் பிள்ளைகள் பாய்ந்து விழ மாட்டார்கள். முட்டி போட்டு, குனிந்து, தலையை முன்னால் நீட்டித்தான் பந்தை அள்ளுவார்கள். புல்தரையில் பக்கவாட்டில் விழும் கீப்பரின் முகத்தைக் கை மறைக்கும். குனிந்து அள்ளுகிறவருக்கு அந்த மறைப்பும் இல்லை. கல்லைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, இன்று தலை முன்னால் வரும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீப்பர்களின் உடை நிறம் இரண்டு அணிகளிடமிருந்தும் நடுவரிடமிருந்தும் வேறாக இருக்கிறதா, எல்லோரும் ஷின் கார்டு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கீப்பர் ட்ராக் பேன்ட் போடலாம், மெத்தென்ற தலைக்காப்பும் போடலாம். 2006-இல் ரெடிங் அணியுடன் நடந்த ஆட்டத்தில் எதிரணி ஆட்டக்காரரின் முட்டி பட்டு மண்டையோடு விரிசல் விட்ட செல்சி கீப்பர் பீட்டர் செக், அதன் பிறகு ஓய்வு பெறும் வரை தலைக்காப்போடுதான் ஆடினார். ஒரு பிள்ளை அதைப் போட்டு வந்தால் கழற்றச் சொல்ல வேண்டாம். கடினமான பகுதி எதுவும் இல்லையா என்று மட்டும் தொட்டுப் பாருங்கள்.

பிறகு காற்று. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கத்து மைதானங்களை ஒரே திசையில் அடித்துக்கொண்டே இருக்கும். பள்ளிப் போட்டிகளும் அந்தப் பருவத்தில்தான் சூடு பிடிக்கும். டாஸ் போடும்போதே எந்தக் கோலை நோக்கிக் காற்று அடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கார்னர் வரும்போது இது எப்படிக் கைகொடுக்கும் என்று பிறகு சொல்கிறோம்.

கேப்டன்களிடம் நீண்ட பாடம் வேண்டாம். இரண்டு வரி போதும்: "கீப்பர் கை பந்து மேல பட்டுருச்சுன்னா கால நிறுத்திக்கோணும். கீப்பர் தம்பி, நீயும் முட்டியைத் தூக்கிட்டு ஆள் மேல போகக் கூடாது." இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டால் பிறகு யாரும் ஓரவஞ்சனை என்று சொல்ல வாய்ப்பு குறையும்.

எங்கே நிற்பது

தவறான முடிவுகளில் பெரும்பகுதி விதி தெரியாததால் வருவதில்லை, நின்ற இடத்தால் வருகிறது. ஓடுகிறவருக்கு நேர் பின்னால் நின்றால் அவர் முதுகு மட்டும்தான் தெரியும். கீப்பரின் கையும் ஃபார்வர்டின் காலும் சந்திக்கும் இடம் அந்த முதுகுக்கு அப்பால் இருக்கிறது. பக்கவாட்டில் இருந்து இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். 10 முதல் 15 மீட்டர் தூரம் நல்ல தூரம். இன்னும் நெருங்கினால் காலைப் பார்க்கும்போது கை தப்பும். இன்னும் தள்ளி நின்றால் நீங்கள் சரியாகவே சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

டிஃபென்ஸ் பின்னால் பந்து விழப்போகிறது என்று தெரிந்ததும் பந்தை நோக்கி நேராக ஓடாதீர்கள். இரண்டு மூன்று அடி பக்கவாட்டில் விலகி ஓடுங்கள். பள்ளி ஆட்டங்களில் லைன்ஸ்மேனாக அணியின் மாற்று ஆட்டக்காரர்களே நிற்பது வழக்கம். அவர்களிடம் பந்து வெளியே போனதா என்பதை மட்டும் கேளுங்கள். மோதலுக்கான முடிவை அவர்கள் தலையில் ஏற்றக் கூடாது, ஏற்றினாலும் அது நிற்காது. பயிற்சி பெற்ற உதவி நடுவர் இருந்தால் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்: கார்னரில் கோல் கோட்டை அவர் பார்ப்பார், கீப்பரைச் சுற்றியுள்ள கைகளை நீங்கள் பார்ப்பீர்கள்.

தனியாக ஓடி வரும் ஃபார்வர்டு

அதிகம் காயம் வருவதும் அதிகம் சண்டை வருவதும் இங்கேதான். பெனால்டி புள்ளிக்கும் பாக்ஸ் கோட்டுக்கும் நடுவில் பந்து உருள்கிறது. கீப்பர் முன்னேறி வருகிறார், எதிரே ஃபார்வர்டு முழு வேகத்தில். இந்த நேரம் கண் பந்தைத் தொடர்ந்து போகத் துடிக்கும். விடாதீர்கள். பந்து எங்கே போகும் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அடுத்த பார்வை கீப்பர் கைக்கு. அதற்கு அடுத்தது ஃபார்வர்டின் கடைசி இரண்டு எட்டுக்கு.

அந்த இரண்டு எட்டு நிறையச் சொல்லும். நிற்க நினைக்கிற பிள்ளையின் எட்டு குறுகும், இடுப்பு பின்னால் சாயும், கை இரண்டும் விரியும். தாண்ட நினைக்கிறவர் முட்டியை மடக்கி மேலே இழுப்பார், இடுப்பு ஒரு பக்கம் திரும்பும். மோதியே தீர்வது என்று வருகிறவரின் எட்டு நீளும், கால் முன்னால் நீண்டு பூட்ஸின் அடிப்பாகம் உங்களுக்குத் தெரியும். குதிகால் தரையில் இழுபடும் தூசியைக்கூடச் செம்மண்ணில் பார்க்கலாம். இதைப் பார்த்துவிட்டால் யார் எப்படி விழுந்தார் என்பது பெரிய விஷயமே இல்லை.

கீப்பர் கை முதலில் பந்தில் பட்டு, ஃபார்வர்டு விலகப் பார்த்து, கணுக்கால் லேசாக உரசிப்போனால் ஃபவுல் இல்லை, ஆட்டம் தொடரட்டும். கை முதலில் பட்டபின் சறுக்கியபடி உள்ளே வந்தால் ஃபவுல். "சறுக்கிருச்சுங் சார், தரை அப்படி" என்பார்கள். தரை வழுக்குவது இரண்டு அணிக்கும் ஆட்டம் தொடங்கும் முன்பே தெரியும். நிற்க முடியாத வேகத்தில் வந்ததே கவனக்குறைவு, கவனக்குறைவே ஃபவுலுக்குப் போதும். அட்டை நிறத்தைத் தீர்மானிக்கும்போது வேண்டுமானால் தரையைக் கணக்கில் எடுங்கள்.

ஃபார்வர்டு முதலில் பந்தைத் தொட்டுத் தள்ளிவிட்டு, பிந்தி வந்த கீப்பர் அவர் காலை வாரினால் பெனால்டி. "பந்துக்குத்தான் போனேன்" என்பது இதை மாற்றாது. கோல் வாய்ப்பைக் கெடுத்தாரா என்ற கேள்வி அடுத்தது. கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, பந்து ஃபார்வர்டுக்குக் கிடைத்திருக்குமா, பக்கத்தில் எத்தனை டிஃபெண்டர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற நான்கையும் பாருங்கள். நான்கும் ஒத்துவந்து, கீப்பர் பந்தை ஆட நேர்மையாக முயன்றிருந்தால் பெனால்டியோடு மஞ்சள் அட்டை. பந்தை ஆடும் வாய்ப்பே இல்லாமல் இழுத்தாலோ தள்ளினாலோ சிவப்பு. ஃபார்வர்டு தட்டிய பந்து கோல் கோட்டை நோக்கி வெளியே ஓடிக்கொண்டிருந்தாலும், அது இன்னும் ஆட்டத்தில் இருக்கும்போது காலை வாரினால் பெனால்டி உண்டு. கோல் வாய்ப்பைக் கெடுத்ததற்கான அட்டைதான் கிடையாது.

பந்தை முதலில் தொட்டதே எல்லாவற்றையும் மன்னித்துவிடும் என்று நினைப்பது இரண்டு பக்கமும் உள்ள பெரிய தப்பு. கீப்பர் விரல் நுனியில் பந்தைத் தட்டிவிட்டு அதே வேகத்தில் முழங்காலை ஃபார்வர்டு நெஞ்சில் ஏற்றினால் அது ஃபவுல்தான். 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில், கோல் அடித்த அதே நேரத்தில் எதிரணி கீப்பருடன் மோதி விழுந்த டெம்போ அணியின் பிரேசில் ஆட்டக்காரர் கிறிஸ்தியானோ ஜூனியர் உயிரிழந்தார். இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் நடந்தது அது. கீப்பருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பேசும்போது எதிரே வருகிற பிள்ளையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஒரே நேரத்தில் இருவரும் பந்தில், இருவருமே நேர்மையாக வந்து மோதினால் குற்றம் யார் மேலும் இல்லை. விசில் ஊதலாம், காயத்துக்காக. ஃபவுல் காட்ட வேண்டியதில்லை.

தரையில் கிடக்கும் பந்து

கீப்பர் தடுத்த பந்து கையில் இருந்து நழுவி ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது. மூன்று நான்கு பேர் பாய்கிறார்கள். கீப்பர் வயிற்றில் படுத்தபடி கையை நீட்டி, மூன்று விரலால் பந்தைத் தரையோடு அழுத்துகிறார். அந்தக் கணமே பந்து அவர் வசம். விசில் அந்தக் கணமே வர வேண்டும்.

பெரியவர்கள் ஆட்டத்தில் அனுபவமுள்ள நடுவர் ஒரு நொடி பொறுத்துப் பார்ப்பார், ஆட்டக்காரர்களே விலகிவிடுவார்கள். பிள்ளைகள் விலக மாட்டார்கள். பந்து நின்றுவிட்டது என்பது அவர்கள் கண்ணில் பட்டு, காலுக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு உதை விழுந்துவிடும். அதனால் இந்த ஓர் இடத்தில் சீக்கிரம் ஊதும் நடுவரே நல்ல நடுவர் என்று உறுதியாகச் சொல்கிறோம். பலமாக, ஒரே ஊது, ஓடிக்கொண்டே, "கை இருக்குது, காலை எடு!" என்று குரலும் சேர்த்து.

எப்படித் தொடங்குவது? கால் கீப்பர் மேல் பட்டிருந்தால் டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேராகவே கோல் அடிக்கக்கூடியது. படாமல், தலைக்கு அருகே காலை வீசியது மட்டும் என்றால் அபாயகரமான ஆட்டம், இன்டைரக்ட், அதாவது இன்னொருவர் தொட்ட பிறகே கோல் ஆகும் ஃப்ரீ கிக். ஒரு கையைத் தூக்கி அடுத்தவர் தொடும் வரை வைத்திருங்கள். இரண்டிலும் எதிரணி பாக்ஸுக்கு வெளியே போயாக வேண்டும். உதைத்த பந்து கோலுக்குள் போயிருந்தால் கோல் இல்லை. அதை உடனே, சத்தமாக, கையை விலக்கிக் காட்டிச் சொல்லிவிடுங்கள். கொண்டாட ஓடிய பிறகு சொன்னால் அதுவே இன்னொரு தகராறு.

கீப்பர் தாமே எழுந்து, லேசான உரசலைப் பொருட்படுத்தாமல் வேகமாக எறியப் பார்த்தால் அட்வான்டேஜ் விடலாம், அதாவது விசில் ஊதாமல் ஆட்டத்தைத் தொடர விடலாம். தலையிலோ கழுத்திலோ கால் பட்டிருந்தால் அட்வான்டேஜ் என்ற பேச்சே வேண்டாம்.

கார்னரும் உயரப் பந்தும்

காற்றைக் குறித்து வைக்கச் சொன்னோம். எதிர்காற்றில் அடிக்கும் கார்னர் நடுவானில் தயங்கிக் குட்டையாக இறங்கும். முன்னால் ஓடி வந்த கீப்பர் சட்டென்று நின்று குதிப்பார், பின்னால் வரும் ஃபார்வர்டு அவர் முதுகில் ஏறுவார். காற்றோடு அடித்தால் பந்து நினைத்ததைவிட நீளும். கீப்பர் பின்னோக்கி ஓடி, பின்னால் நிற்கிறவர் மேலோ போஸ்ட் மேலோ இடிப்பார். முதல் வகையில் முன் போஸ்ட் பக்கமும், இரண்டாவதில் தூரத்துப் போஸ்ட் பக்கமும் உங்கள் கண் முதலில் போகட்டும்.

நிற்கும் இடம்: பாக்ஸ் கோட்டின் ஓரம், எல்லோரையும் பார்க்கும்படி. பந்து அடிக்கும் முன்பே கீப்பரைப் பாருங்கள். அவர் முன்னால் ஒருவர் சும்மா நிற்பது குற்றம் அல்ல. மைதானத்தில் எங்கே நிற்கவும் எந்த ஆட்டக்காரருக்கும் உரிமை உண்டு. கீப்பர் நகர நகரத் தானும் நகர்ந்து வழியை அடைப்பதும், பந்தைப் பார்க்காமல் கீப்பர் முகத்தையே பார்த்து நிற்பதும், முதுகால் தள்ளுவதும், ஜெர்சியைப் பின்பக்கமாகப் பிடிப்பதும்தான் குற்றம். பந்தைப் பார்க்கிறாரா, ஆளைப் பார்க்கிறாரா என்று கவனித்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். உடம்பு படாமல் மறித்தால் இன்டைரக்ட், பட்டு மறித்தாலும் பிடித்தாலும் தள்ளினாலும் டைரக்ட்.

பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன் நடக்கும் தள்ளுமுள்ளுக்கு ஃப்ரீ கிக் கொடுக்க முடியாது. அதற்காகப் பார்த்தும் பாராமல் இருந்தால் பந்து வந்ததும் அதுவே மோதலாகும். விசில் ஊதி, அடிப்பவரை நிறுத்தி, இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு, "தம்பி, கையைக் கீழ போடு. கண்ணு, நீயும் தள்ளாத. அடுத்து ஊதுனா பேசமாட்டேன்" என்று சொல்லுங்கள். இதற்குப் பத்து நொடி ஆகும். மீண்டும் செய்தால் மஞ்சள் அட்டை. அதற்கு விதி இடம் கொடுக்கிறது, பந்து ஆட்டத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை.

கீப்பரின் முட்டி தனியாகச் சொல்ல வேண்டியது. ஒற்றைக் காலில் எழும்பி மற்ற முட்டியைத் தூக்குவது குதிக்கும் முறை. எல்லாக் கோச்சும் கற்றுத் தருவது. அதில் தவறு இல்லை. முட்டி மேல்நோக்கிப் போகிறதா, ஆள்நோக்கிப் போகிறதா என்பதைப் பாருங்கள். முழங்கால் மடிந்து உடம்போடு சேர்ந்திருந்தால் சரி. கால் நீண்டு பூட்ஸ் அடியிலுள்ள ஸ்டட் எதிராளியின் இடுப்பையோ விலாவையோ நோக்கி வந்தால் அது பெனால்டி, அட்டையும் உண்டு. முஷ்டியால் குத்தும்போது பந்தைத் தவறவிட்டு ஃபார்வர்டு தலையில் குத்தினாலும் இதே கதை. "கீப்பர் பஞ்ச் பண்ணத்தான் செய்வாருங்" என்று விட்டுவிடும் நடுவர்கள் உண்டு. அதே முஷ்டியை டிஃபெண்டர் வீசினால் விடுவீர்களா என்று நினைத்துப் பார்த்தால் முடிவு தெரியும்.

கீப்பரின் பார்வையை மறைத்து ஆஃப்சைட் இடத்தில் நிற்பதைப் பற்றி ஒரு வரி: தன் அணியினர் ஷாட் அடிக்கும்போது அப்படி நின்று மறைத்தால் ஆஃப்சைட். கார்னரில் இருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைட் கிடையாது.

பந்தை விடும் நேரம்

கீப்பர் பந்தோடு எழுந்து வீசப் போகிறார். ஃபார்வர்டு அவர் முன்னால் குதித்துக் குதித்து மறிக்கிறார், அல்லது உதைக்கத் தூக்கிப் போட்ட பந்துக்குக் காலை நீட்டுகிறார். இரண்டும் இன்டைரக்ட் ஃப்ரீ கிக். உள்ளங்கையில் ஏந்திய பந்தைத் தலையால் தட்டி கோல் அடித்தாலும் கோல் இல்லை. காலை நீட்டும்போது கீப்பரின் கால் அடிபட்டால் டைரக்ட்.

2025-26 விதிப்புத்தகத்தில் இருந்து கீப்பர் 8 நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 நொடியை நடுவர் கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். எந்தப் பக்கக் கார்னர் என்றால், கீப்பர் நின்ற இடத்துக்கு அருகிலுள்ளது. போட்டிக் குழு இந்த விதிப்படி நடத்துகிறதா, பழைய 6 நொடி விதியா என்று காலையிலேயே கேட்டு, இரண்டு கோச்சுகளுக்கும் சொல்லிவிடுங்கள். மோதிய கீப்பர் மூச்சு வாங்கக் கிடக்கும்போது எண்ணத் தொடங்காதீர்கள். அவர் வசம் எப்போது வந்தது, எண்ணிக்கை எப்போது தொடங்குகிறது என்பது நடுவர் முடிவு. ஃபார்வர்டு மறித்துக்கொண்டிருக்கும்போதும் எண்ணக் கூடாது, ஏனென்றால் குற்றம் அங்கே அவருடையது.

அட்டை

கவனக்குறைவு என்றால் ஃபவுல் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்பதைப் பொருட்படுத்தாமல் வந்தால் மஞ்சள். தேவைக்கு மீறிய பலம், அல்லது எதிராளியின் உடலுக்கு ஆபத்து என்றால் சிவப்பு. தரையில் பந்தை அணைத்துக் கிடக்கும் கீப்பரிடம் பிந்தி வந்து முழங்காலால் இடித்தால் பெரும்பாலும் மஞ்சள். ஸ்டட் காட்டி முகத்தையோ கழுத்தையோ நோக்கிக் காலை விட்டால் சிவப்பு. அங்கே அடிபடவில்லை என்பது தப்பிக்கும் வழி ஆகாது.

12 வயதுப் பையனுக்குச் சிவப்பு காட்ட மனம் வராது. அது இயல்பு. போட்டி விதியில் தற்காலிக வெளியேற்றம் இருந்தால் மஞ்சளோடு அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் முகத்துக்கு வந்த காலுக்கு வயதுச் சலுகை இல்லை. அட்டை காட்டும்போது அவமானப்படுத்தாதீர்கள். பக்கத்தில் கூப்பிட்டு, எதனால் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, பிறகு காட்டுங்கள்.

காயம்

தலை, கழுத்து, முதுகு என்றால் உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். பந்து எங்கே போகிறது என்று காத்திருக்க வேண்டாம். மற்ற ஆட்டக்காரர்கள் காயமடைந்தால் கவனிக்கப்பட்ட பிறகு வெளியே போய் வர வேண்டும். கீப்பருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கீப்பரும் ஃபார்வர்டும் மோதி இருவருக்கும் கவனிப்பு தேவைப்பட்டால் இருவருமே உள்ளே இருக்கலாம்.

விழுந்த பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளிப்பது நம் மைதானங்களில் பழக்கம். தடுத்து நிறுத்துங்கள். கழுத்து வலிக்கிறது என்றாலோ, கை கால் மரத்திருக்கிறது என்றாலோ, மயங்கிக் கிடந்தாலோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். நினைவோடு இருந்தால் கேளுங்கள்: "இது எந்த ஸ்கூல் கிரவுண்டு கண்ணு? இப்ப முதல் பாதியா, ரெண்டாவதா? கடைசி கோல் யார் போட்டது?" பதில் தடுமாறினாலும், தலைவலி, வாந்தி, தலைச்சுற்றல், வெளிச்சம் கூசுவது என்று எது இருந்தாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளை ஆடக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். "ஒண்ணுமில்லைங் சார், அவன் ஆடுவான்" என்று கோச் சொல்வார், பையனும் தலையாட்டுவான். சந்தேகம் இருந்தாலே வெளியே என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாற்றுக் கீப்பர் இல்லாத அணி தோற்றாலும் பரவாயில்லை.

ஃபவுல் இல்லாமல் பாக்ஸுக்குள் நிறுத்திய ஆட்டத்தை ட்ராப் பாலால், அதாவது பந்தை நீங்களே கையிலிருந்து தரையில் விட்டு, தொடங்குங்கள். பந்து தடுக்கும் அணியின் கீப்பருக்கு, மற்ற எல்லோரும் 4 மீட்டர் தள்ளி.

கோட்டுக்கு வெளியே

பெற்றோரும் கோச்சும் கத்துவது பெரும்பாலும் பயத்தால். "ஏனுங் சார், பையன் தலையில பட்டுருக்குதுங்" என்ற குரலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். "பாத்துட்டேனுங்க, ஃபவுல் குடுத்தாச்சு, பையன் பேசறான்" என்று ஒரு பதில் சொன்னால் அடங்கிவிடும். விவாதம் மட்டும் வேண்டாம். இடைவேளையில் கேட்டால், "கை பந்து மேல இருந்துச்சு, கால் பிந்தி வந்துச்சு" என்று நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். விதி எண்ணைச் சொல்லி வாயடைக்க வேண்டியதில்லை.

சிவப்பு அட்டையோ தலைக்காயமோ வந்த ஆட்டத்துக்கு அன்றே அறிக்கை எழுதுங்கள். "ஆபத்தாக ஆடினார்" என்று எழுதினால் ஒழுங்குக் குழுவுக்கு ஒன்றும் விளங்காது. எத்தனையாவது நிமிடம், பாக்ஸில் எந்த இடம், பந்து அப்போது யார் வசம், ஃபார்வர்டு எவ்வளவு தூரத்தில் இருந்து ஓடி வந்தார், உடம்பின் எந்தப் பகுதி எந்தப் பகுதியில் பட்டது, நீங்கள் எத்தனை மீட்டரில் எந்தக் கோணத்தில் நின்றீர்கள், ஆட்டம் எப்படித் தொடங்கியது என்று எழுதுங்கள். காயம் பட்ட பிள்ளையை யாரிடம், எத்தனை மணிக்கு ஒப்படைத்தீர்கள் என்பதையும் அதே தாளில் குறித்து, பொறுப்பாசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.